நீல வண்டியா, வெள்ளை வண்டியா

1

விருத்தாசலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் படித்த பங்குப் பள்ளிக்கு விழா மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி என்பதால் நானும் ஒரு கட்டுரை எழுதித்தர வேண்டுமாம். கனடாவில் பனி பெய்வதைப் பற்றி எழுதினால் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. விழும். அள்ளிப் போட வேண்டும். அள்ளி முடித்ததும் மறுபடியும் விழும். இங்கே வந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் தீரவில்லை.

அதனால் சிஸ்டர் மன்னிக்க வேண்டும். நாங்கள் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கிய விவரத்தை எழுதுகிறேன். போன வாரம்தான் அதன் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் வண்டியின் வயதைப் பார்த்துவிட்டு, "நல்லதாக ஒன்று வாங்கக்கூடாதா?" என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

2

முதலில் எங்களைப் பற்றி. என் பெயர் செலின். அப்பா விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நர்ஸ். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரின் கால்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நகம் வெட்டுவது, ஆணிக்கால் சுரண்டுவது, புண் வராமல் காப்பது. என் கணவர் சவரிமுத்து ஊரில் செராமிக் எஸ்டேட்டின் பொதுச் சூளையில் சூப்பர்வைசராக இருந்தவர். பீங்கான் ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் அவர் கையால் வெந்து வெளியே வந்தன. கனடாவின் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேயே சலவைப் பிரிவில் அவருக்கும் கிடைத்தது. மகள் ரெஜினாவுக்கு அங்கேயிருந்த பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வந்து ஐந்து வருடம் முடிந்தபோது அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போனது.

பக்கத்து ஊர் சுகாதார அலுவலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அதிகாரி கேட்டார்: "நீங்கள் டோ செய்வீர்களா?"

கால்விரலுக்கு ஆங்கிலத்தில் டோ என்று பெயர். கால் நர்ஸிடம் இதையெல்லாமா கேட்பார்கள் என்று எனக்குச் சற்றே ரோஷம் வந்தது.

"பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். பெருவிரல் மட்டும் கொஞ்சம் கஷ்டம்" என்றேன்.

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டார்.

நியமனக் கடிதம் வந்தது. ரெஜினாதான் வாங்கிப் படித்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு தரப்பும் இதை ஒரு ஒப்பந்தம் போலக் கடைப்பிடித்து வந்தோம். அன்றைக்கு ஒப்பந்தத்தை மீறி அவளே தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது அந்த டோ இல்ல."

ஒரு வண்டி இன்னொன்றைக் கட்டி இழுத்துப் போவதற்கும் ஆங்கிலத்தில் டோ என்றுதான் சொல்வார்களாம். எழுத்து மட்டும் வேறு. அலுவலகத்திடம் கால் பராமரிப்புக்கென்று ஒரு டிரெய்லர் இருந்தது. நாற்காலி, வெந்நீர்க் குழாய், கருவிகள் எல்லாம் பொருத்திய சின்ன அறை, அடியில் சக்கரங்கள். இழுத்துப் போக வண்டிதான் இல்லை. நர்ஸ் தன்னுடைய சொந்த வண்டியில் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஐந்து சிற்றூர்களுக்கு வாரம் ஒருமுறை போய்வர வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் தொடங்க வேண்டும். வண்டி இல்லையென்றால் நியமனம் ரத்து.

ரெஜினா அரைமணி நேரம் சிரித்தாள். ஆஸ்பத்திரி மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. அதனால் நாங்கள் அதைத் தடுக்கவில்லை.

3

எங்களிடம் இருந்த சின்ன கார், பின்னால் டிரெய்லரைக் கட்டினால் தானே பின்னுக்குப் போய்விடும். இழுவைக்குப் பழைய டீசல் பிக்கப்தான் சரி என்று விசாரித்த எல்லோரும் சொன்னார்கள். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, அதற்கும் பின்னால் கொக்கி. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பலமாக இழுக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் பழைய வண்டியில் எது உழைக்கும், எது உழைத்துக் களைத்துவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊரில் வண்டி வழியில் நின்றால் தள்ளிவிட நாலு பேர் வருவார்கள், யோசனை சொல்ல எட்டுப் பேர் வருவார்கள். இங்கே ஜனவரியில் நின்றால் அடுத்த வண்டி வரும்வரை நாம் உயிரோடு இருக்க வேண்டும்.

ஓட்டப்போவது நான். என் கணவர் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தவறியிருந்தார். மூன்று முறையும் ஒரே காரணம். முனைக்கு முனை ஹாரன் அடித்தார். தேர்வு அதிகாரி எதிரே யார் வந்தார் என்று கேட்டதற்கு, "யாராவது வந்தா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

எங்கள் கைப்பணத்துக்குள் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று நீலம். ஊருக்குள்ளேயே இருந்த டக் என்ற ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனுடையது. நாங்கள் போனபோது வாசலில் பளபளவென்று நின்றிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர். மெத்தை இருக்கை கிழியவில்லை. ஹீட்டரைப் போட்டதும் முகத்தில் வெந்நீர் ஆவி போல வந்தது. ஓடியிருந்த தூரமும் குறைவு. ஏறி உட்கார்ந்த உடனே இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என் கணவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கம் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல வைத்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, காலையில வண்டிய எடுத்தாரான்னு கேளு."

ரெஜினா கேட்டாள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்வந்ததாக டக் சொன்னார்.

இவர் அடுத்து எஞ்சின் ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். ரெஜினா ஐந்தடி தள்ளிப்போய், தெருவில் யாரோ அழைத்தது போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்" என்றார்.

"ஏங்க?"

"எஞ்சின் சூடா இருக்குது."

"எஞ்சின் சூடாத்தான இருக்கும்?"

"நாம வர்றதுக்கு முன்னாடியே சூடா இருக்கக்கூடாது. பழைய டீசல்ல கோளாறு இருந்தா குளுந்து போயி கெடக்கறப்ப எடுத்தாத்தான் தெரியும். தூங்கி எழுந்த மூஞ்சியத்தான் பாக்கணும். இவுரு மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு கொண்டாந்து நிறுத்தியிருக்காரு."

"ரொட்டி வாங்கப் போனேன்னு சொல்றாரே?"

"சொல்றாரு."

அதற்குமேல் அவரிடம் காரணம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஓட்டப்போவது நான், வேலை என்னுடையது, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டக்கின் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, டக்குக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னேன்:

"ஒங்களுக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்?"

அவர் காரில் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அந்த வாக்கியம் என்னுடையதல்ல, என் அப்பாவுடையது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஊருக்குப் போக வேண்டும்.

4

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் கனடாவுக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, என் தம்பி சேவியர் பழைய டீசல் வேன் ஒன்று வாங்கினான். எஸ்டேட்டிலிருந்து பீங்கான் சாமான்களை ஏற்றிக்கொண்டு கடலூர், பாண்டிச்சேரி என்று கடைகளுக்குப் போடலாம் என்று திட்டம். அப்போதும் இரண்டு வண்டிகள்தான் வந்தன. ஒன்று பண்ருட்டியில், மற்றது எங்கள் ஊர்ப் பக்கமே இருக்கும் மங்களூரில் ஒரு ரைஸ் மில்காரரிடம். சேவியர் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனான். இவர் மங்களூர் வண்டியைக் காட்டினார். அதையே வாங்கினான்.

ஒரு மாதம் ஓடியது. எனக்கு விசா வந்ததும் நன்றி சொல்ல வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா, அம்மா, அத்தை, நாங்கள் மூவர், ஓட்டுவதற்கு சேவியர். சாமான் ஏற்றும் இடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துகொண்டோம். சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றுப் பாலத்தை நெருங்கும் இடத்தில் வண்டி ஒரு முறை இருமியது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான்.

அன்றைக்குச் சந்தை நாள். சந்தைக்கு வந்த அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டு, டீசல் பம்ப்பு உள்ளே பிடித்துக்கொண்டது, இனி இது பேரீச்சம்பழத்துக்குத்தான் என்றார். சேவியர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அப்பா என் கணவரைப் பார்க்காமல், சந்தையைப் பார்த்துச் சொன்னார்:

"சூளயில மண்ணு வேகவச்சவனுக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்? இவுரு சொன்னாருன்னு இவனும் வாங்கியிருக்கான் பாரு."

உண்மையில் இவருக்கு வண்டி தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் களிமண் லாரியில் கிளீனராக இருந்தவர். ஆனால் பெண் கேட்டு வந்தபோது சூப்பர்வைசர் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். கிளீனர் என்று தெரிந்தால் அப்பா பெண் கொடுத்திருக்க மாட்டார். எனக்கே ரெஜினா பிறந்த பிறகுதான் தெரியும். சேத்தியாத்தோப்பில் வைத்து அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பஸ் பிடித்து வீடு திரும்பினோம். வேளாங்கண்ணிக்குப் போகவே இல்லை. சேவியர் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தான். இவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எங்களை வழியனுப்ப ரயிலடிக்கு வந்தவன் ரெஜினாவைத் தூக்கிக் கொஞ்சினான், என்னைக் கட்டிக்கொண்டு அழுதான், இவரைப் பார்க்காமல் போனான். நான் கடிதம் எழுதும்போதெல்லாம் ‘மாமா நலம்’ என்று எழுதுவேன். பதிலில் மாமா இருக்க மாட்டார். அப்படி ஆறு வருடம் போனது.

ஆறு வருடத்தில் நானும் மனதுக்குள் அப்பா பக்கம்தான் இருந்தேன். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டக்கின் வாசலில்தான் வெளியே வந்தது.

5

இரண்டாவது வண்டி வெள்ளை. கூட்டுறவுக் கடையின் பலகையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து இவர்தான் கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே வால்ட்டர் என்ற விவசாயியின் வண்டி. ஆறு சிலிண்டர், கையால் போடும் கியர். நீல வண்டியைப் போல இரண்டு மடங்கு தூரம் ஓடியிருந்தது. ஒரு கதவு உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே துரு தின்ற ஓட்டை வழியாக ரெஜினாவின் கை போய்வந்தது. இதையெல்லாம் வால்ட்டரே வரிசையாகக் காட்டினார். விற்க வந்தவரா, புகார் கொடுக்க வந்தவரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"இத எடுக்கலாம்" என்றார் இவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி அப்பா பேசிவிடுவார் என்று பயம். வீட்டுக்கு வந்து, சேவியரைக் கேட்பது என்று முடிவு செய்தேன். அவன் இப்போது அதே ஒர்க்ஷாப்பில் டீசல் பம்ப்பு வேலைக்கே தலைமை மெக்கானிக். ஒர்க்ஷாப்புக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, மறுநாள் ராத்திரி ஏழரை மணிக்கு அவனை அங்கே நிற்கச் சொன்னேன். விருத்தாசலத்தில் ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தைய நேரம் இங்கே காலை எட்டு மணி. வால்ட்டரிடம் சொல்லி வண்டியை அதுவரை கிளப்பாமல் வைக்கச் சொன்னோம். எதற்கு என்று ரெஜினாதான் விளக்கினாள். விளக்கும்போது அவள் காது சிவந்திருந்தது.

மறுநாள் காலை பானெட்டின் மேல் உறைபனி படிந்திருந்தது. இவர் கையை வைத்தார். இந்த முறை தலையை ஆட்டினார். வால்ட்டரின் டிராக்டர் கொட்டகையில் சுவரில் ஒரு போன் இருந்தது. டெலிபோன் அட்டையின் நீண்ட எண்களை ரெஜினா அழுத்தினாள். சேவியர் முதல் மணியிலேயே எடுத்தான். வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்கள் தூரத்தைக் கணக்கிட்டுக் கத்துவார்கள். அதனால் அவன் சொன்னது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா! ஸ்டார்ட் பண்ணச் சொல்லு! போனக் கொண்டுபோயி வண்டிகிட்ட புடி!"

போன் வயரை இழுத்துக் கொட்டகை வாசல் வரை கொண்டுபோனேன். வால்ட்டர் சாவியைத் திருப்பி, சின்ன விளக்கு ஒன்று அணையும்வரை காத்திருந்து, கிளப்பினார். எஞ்சின் இரண்டு சுற்று முனகியது. பிறகு பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றது.

"பொக வெள்ளயா, கருப்பா?"

"வெள்ள. நின்னுடுச்சி."

"ஆயில் ஊத்துற மூடியத் தொறந்து, அந்த ஓட்ட மேலயே கவுத்து வைக்கச் சொல்லு. குதிக்குதா?"

சொல்வதற்கு முன்பே இவர் திறந்து கவிழ்த்து வைத்திருந்தார். உள்ளே எஞ்சின் தேய்ந்திருந்தால் காற்று அந்த வழியாகப் பீறிட்டு மூடியைத் தள்ளிவிடுமாம். மூடி லேசாக நடுங்கியது. குதிக்கவில்லை.

"ஆடுது. குதிக்கல."

"ஆறும் ஒண்ணாத்தான் வருது சத்தம். டிக்டிக்குன்னு ஒண்ணு கேக்குது, அது பெல்ட்டு, பரவால்ல. எடுத்துருக்கா. இதவிட நல்ல எஞ்சின் கெடைக்காது." சற்று நிறுத்தினான். "யாருக்கா பாத்தது இத?"

"அவருதான்."

டெலிபோன் அட்டைக்காரப் பெண்ணின் பதிவுக் குரல் குறுக்கே வந்து, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"மாமாகிட்ட குடு" என்றான் சேவியர்.

வால்ட்டர் எஞ்சினை அணைத்தார். இவர் போனை வாங்கி, காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வண்டி நல்ல வண்டி. எடுத்துக்குங்க."

"செரி."

"மாமா... அந்த வேனு."

"எந்த வேனு?" என்றார் இவர், வாழ்க்கையில் நூறு வேன் பார்த்தவர் போல.

"மங்களூரு வேனு. அதுவும் நல்ல வண்டிதான் மாமா. நாந்தான் டீசல்ல மண்ணெண்ண கலந்து ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒரு மாசமா. ரேசன் மண்ணெண்ண. அதுல பம்ப்பு காஞ்சி போயி புடிச்சிக்கிச்சி. எனக்கே பம்ப்பு வேல கத்துக்கிட்டப்பறந்தான் வெளங்கிச்சி. சொல்ல வாய் வரல. ஊரெல்லாம் ஒங்களச் சொல்லிட்டாங்க."

இவர் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த குதிரைச் சேணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே வாசன வந்துது" என்றார்.

"என்னா மாமா?"

"அந்த மெக்கானிக்கு பம்ப்ப கழட்டனப்பவே மண்ணெண்ண வாசன வந்துது. நான் பக்கத்துலதான நின்னேன்."

சேவியர் அழுகிறான் என்பது அந்த இரைச்சலிலும் தெரிந்தது. "அப்ப ஏன் மாமா சொல்லல?"

"ஒங்கப்பா பக்கத்துல நின்னாரு. சந்த ஜனம் நின்னுது. நீ கட்டையில ஒக்காந்து அழுவுற. அதுல போயி நான் என்னாத்த சொல்றது?"

அட்டைக்காரப் பெண் மறுபடி வந்து ஒரு நிமிடம் என்றாள். மீதி ஒரு நிமிடத்தில் அவர்கள் இரண்டு பேரும் விருத்தாசலத்தில் மழை பெய்ததா என்பதைப் பற்றிப் பேசினார்கள். பெய்திருந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

வால்ட்டருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாராவது இறந்துவிட்டார்களா என்று ரெஜினாவை மெதுவாகக் கேட்டார். இல்லை, எரிபொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள் ரெஜினா.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல" என்றார்.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

6

வெள்ளை வண்டியை வாங்கினோம். பதிவு அலுவலகத்தில் என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். கணவரின் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். அவருடைய அப்பா பெயரைச் சொன்னேன். இரண்டும் வேறாக இருக்கின்றனவே, எது உங்கள் குடும்பம் என்றார்கள். இரண்டும்தான் என்றதற்கு அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிடப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, வண்டிக்கு ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது.

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டவும் கழற்றவும் இரண்டு ஆள் வேண்டும். அதனால் இவர் கூட வந்தார். வேலை நேரத்தில் வண்டியில் வெளியாள் ஏறக்கூடாது என்று அலுவலகம் சொன்னது. கணவருக்கென்று படிவத்தில் இடம் இல்லை, தன்னார்வலருக்கு இருந்தது. என் கணவர் தன்னார்வலராகக் கையெழுத்திட்டார். பிறகு சாயங்கால வேலையாக ரெஜினாவின் பள்ளிக்கூடத்திலேயே துப்புரவுப் பணி கிடைத்தது. பகலில் தன்னார்வலர், மாலையில் ஊழியர்.

வண்டி எங்களைப் படுத்தாமல் இல்லை. முதல் குளிர்காலத்திலேயே ஸ்டார்ட்டர் போனது. அந்தக் கதவு இன்றுவரை உள்ளிருந்து திறப்பதில்லை. இவர் முதலில் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிடுவார். எங்களைப் பார்த்த ஒரு கிழவி, இந்தியக் கணவர்கள் இவ்வளவு மரியாதையானவர்களா என்று வியந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டக்கின் நீல வண்டியை ஒரு பள்ளி ஆசிரியர் வாங்கினார். நான்கு வருடமாகிறது. இதுவரை ஒருநாளும் அது வழியில் நின்று நான் பார்த்ததில்லை. டக் அன்றைக்கு உண்மையிலேயே ரொட்டி வாங்கத்தான் போயிருக்கிறார் போல. இதை இவரிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார்.

போன் பேசிய அன்று ராத்திரி சாப்பிடும்போது ரெஜினா கேட்டாள்: "மண்ணெண்ணன்னா என்ன? உங்க ஊர்ல களிமண்லேருந்து எண்ணெய் எடுப்பாங்களா?" எட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவள், மண்ணெண்ணெயை மறந்துவிட்டுச் சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பீங்கான் ஊர் என்பதால் எல்லாம் மண்ணிலிருந்தே வரும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். இவர் உட்கார்ந்து ரேஷன் கடை, மஞ்சள் கார்டு, அடுப்பு, லாந்தர், களிமண் லாரி எல்லாவற்றையும் சொன்னார். லாரியில் கிளீனராக இருந்ததையும் சொன்னார். அவள் சாப்பிட்ட கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பெரிய நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் சொல்லலாம். என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், அவரிடம் தமிழில். எதனால் என்று நான் கேட்டதில்லை.

7

கடைசியாக ஒன்று. இது முதல் ஜனவரியில் நடந்தது.

ஐந்து ஊர்களில் ஒன்று ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. சமவெளி சட்டென்று முடிந்து, ஒரு நீளமான சரிவில் சாலை கீழே இறங்கும். அன்றைக்குக் காலையில் மேலே வெயில் இருந்தது. சரிவின் பாதிவரை நிழலில் கண்ணாடி போலப் பனிக்கட்டி பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. இறங்கத் தொடங்கியதும் பின்னால் டிரெய்லர் எங்களைத் தள்ளியது. நாங்கள்தானே அதை இழுக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே, அது பக்கவாட்டில் நகர்ந்து, கதவோரக் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தது. அப்படித் தெரியக்கூடாது.

என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"கால எடு" என்றார் இவர்.

குரலை உயர்த்தவில்லை. வண்டி கைப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதமாகப் படித்தவர்.

"கால எடு. கியர் புடிச்சிக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்குற அந்தச் சின்ன கைப்பிடிய மட்டும் லேசா அமுத்து. டிரெய்லரு பிரேக்கு. லேசா."

பள்ளத்தாக்கு என் இடதுபக்கம் இருந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவருக்கு என்ன தெரியும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். காலை எடுத்தேன். கைப்பிடியை அமுக்கினேன். டிரெய்லர் ஒருமுறை உதறியது, மெல்ல நேரானது, கண்ணாடியிலிருந்து மறைந்து பின்னால் போய்விட்டது. எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியபடி எங்களைக் கீழே இறக்கியது.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினேன். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"சேத்தியாத்தோப்புல அப்பா சொன்னாருல்ல" என்றேன். "நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அவுரு வாய்விட்டுச் சொன்னாரு. நான் சொல்லல, அவ்வளவுதான். இத்தினி வருசமும் அப்பிடியே நெனச்சிக்கிட்டு ஒங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் முன்கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்தார். ஆறு உறைந்திருந்தது. அதன் மேல் ஒரு நரி, கடைக்குப் போவது போல நிதானமாக நடந்துபோனது.

"டீ ஊத்தட்டா?"

ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். பிறகு அழுதேன். பிறகு மீதியைக் குடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, டிரெய்லரின் கொக்கியைச் சரிபார்ப்பதற்காக இறங்கிப் போனார். கொக்கியில் ஒரு குறையும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன். வெகுநேரம் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு கிழவர்களும் கிழவிகளும் சபை மண்டபத்தில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அரைமணி நேரம் தாமதமாகத்தான் டிரெய்லரைத் திறந்தோம். அலுவலகப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சிறிய கட்டம்தான். ‘சாலையின் நிலை’ என்று எழுதினேன்.